நீலக் கோதுமை

ஏரியில் செங்காலிப் பறவைகள் செத்ததற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். காய்ச்சல் என்கிறார்கள், ஆலைத் தண்ணீர் என்கிறார்கள். எலிக்காரர் போதையில் செய்துவிட்டார் என்று சொல்கிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மனுஷன் தேநீரையே ஆறவைத்துத்தான் குடிப்பார். நான் எலிக்காரருக்குப் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் மிதிக்கிறவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மெஷினை நிறுத்தினால் அங்கே உப்பு கேட்பது எனக்குக் கேட்கும். கேட்காமல் போன மிச்சத்தை எலிக்காரர் மனைவியே பின்னால் என் கடைப் பலகையில் உட்கார்ந்து சொன்னாள்.

எலிக்காரருக்கு வேலை ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் தானியக் குடோனில். பதினாறு வருஷமாக அங்கே எலிக்கு மருந்து வைக்கிறார். மருந்து ஏற்றி நீலச் சாயம் போட்ட கோதுமை அது. சுவரோரமாகத் தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போட்டு, மறுநாள் எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து மறுபடியும் போட வேண்டும். தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் நடமாடும். உடம்புக்குள்ளே ரத்தம் உறையாமல் கசிந்து, கடைசியில் ஒரு மூலையில் சுருண்டுவிடும். உடனே செத்தால் மற்ற எலிகள் உஷாராகிவிடும் என்றுதான் இந்த ஏற்பாடு. செத்ததை இடுக்கியால் எடுத்துக் குழியில் போட்டு மூடுவதும் அவர்தான். வீட்டுக்கு வந்தால் வாசல் குழாயில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை வெளியிலேயே கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படி ஏறுவார். அவருடைய அக்கா, புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். எலியைவிடச் சோப்புதான் இந்த வீட்டில் அதிகம் சாகிறது என்பாள்.

அவர் மனைவியைத் தெருவே தீவக்கா என்று கூப்பிடும். ஏரிக்கு நடுவில் நாணலும் முட்புதருமாக ஒரு மேடு உண்டு. அதைத்தான் தீவு என்கிறோம். செங்காலி அங்கேதான் வாழ்கிறது. கோழியைவிடச் சின்னது, சாம்பல் நிறம், கால் மட்டும் இப்போதுதான் சிவப்பு மையில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். இறக்கை இருந்தும் பறக்கச் சோம்பல். ஓடித்தான் ஒளியும், தரையில்தான் கூடு கட்டும். இதை விட்டால் வேறெங்கும் இந்த ஜாதி கிடையாது என்று வனத்துறை கரையில் பலகை நட்டிருக்கிறது. ஒன்றைக் கொன்றாலும் சிறை என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தீவக்கா அந்தத் துறையில் காவல் வேலை பார்த்தாள். ஆறு வருஷமாகத் தற்காலிகம், இன்னும் நாலு மாதத்தில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு போவாள். கூடு கண்ட இடத்துக்கு அருகில் மூங்கில் குச்சி நட்டு, என் கடையில் வாங்கிப்போன துண்டுத் துணியைக் கட்டிவிட்டு, முட்டையை எண்ணி நோட்டில் எழுதுவாள். எழுத்துத் தெரியாத மீன்காரர்களுக்கு அந்தப் பலகையை வாசித்துக் காட்டுவதும் அவள்தான். "அண்ணே, ஒண்ணைத் தொட்டாலும் ரெண்டு வருஷம் உள்ள. அப்புறம் உங்க வலையில சிலந்திதான் குடியிருக்கும்" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி இறங்கி இறங்கி, தீவுக்கும் வடகரைக்கும் நடுவில் சேற்று மேடு ஒன்று பாலம் போல வெளியே வந்தது. அதன் வழியாக எலிகள் நடந்து போய்விட்டன. பதினாறு கூட்டில் ஒன்பது கூடு காலி. தீவக்கா பொறி கேட்டு மூன்று தரம் மனு எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாக மூன்று தரமும் பதில் வந்தது. ஒரு சாயங்காலம் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே அவள் அழுதது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. முட்டையை ஓட்டை போட்டு நக்கிவிட்டுப் போயிருக்கிறது, தாய்ப்பறவை அந்த வெறும் ஓட்டின்மேலேயே உட்கார்ந்து அடைகாக்கிறது என்றாள். எலிக்காரர் மீன் முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார் என்று அந்த அக்கா, தீவக்காவின் நாத்தனார், பின்னால் சொன்னாள்.

முள்ளை அடுக்கிய மனுஷன் யோசித்துக்கொண்டிருந்தார். தீவக்கா மாத அறிக்கை கொடுக்க டவுனுக்குப் போன நாளில் குடோனில் அரைநாள் லீவு போட்டார். இரண்டு கிலோ நீலக் கோதுமையைப் பைக்குள் பையாகப் போட்டு எடுத்துக்கொண்டு, சேற்று மேட்டில் முழங்கால் புதைய நடந்து தீவுக்குப் போனார். பழைய தண்ணீர்க் குழாயைச் சாண் சாணாக அறுத்து வைத்திருந்தார். மழை பட்டால் மருந்து கெட்டுவிடும் அல்லவா? குழாய்க்குள் மருந்தைக் கொட்டி, எலி ஓடிய தடம் பார்த்து முட்புதருக்குள் இருபது இடத்தில் செருகினார். அடைகாக்கும் காலத்தில் புதருக்குள் நுழைந்து பறவையைக் கலைப்பதில்லை, ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி என்று தீவக்காவுக்கு ஒரு விரதம். அதனால் அவள் கண்ணில் படாது.

பறவைக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பறவை நீலத்தைத் தொடாது என்பது அவர் தொழிலில் பாலபாடம். கேள்விப்பட்டதோடு நின்றால் பரவாயில்லை, அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். குடோன் கூரையில் நூறு புறாவுக்குமேல் இருக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு புறாகூட அந்தத் தகரப் பெட்டிகளில் வாய் வைத்ததில்லை. குஞ்சு பொரித்தபிறகு மனைவியிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஒரு வாரத்தில் எலி குறைந்தது. தீவக்கா வெகுநாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். எலிகளுக்கே வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, இரண்டு நாளாக ஒரு முட்டையும் போகவில்லை என்றாள். எலிக்காரர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். நாத்தனார் கேட்காமலேயே இன்னொரு மீன் பொரித்துப் போட்டாள். அந்த வீட்டில் கடைசியாகச் சிரிப்புக் கேட்ட நாள் அதுதான்.

மருந்து வைத்த ஒன்பதாம் நாள் ஒரு செங்காலி செத்துக் கிடந்தது. அடுத்தடுத்து இன்னும் நாலு. அலகோரத்தில் ரத்தம். திங்கட்கிழமை மத்தியானம் டவுனிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்து, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின்மேல் வைத்து அறுத்துப் பார்த்தார். வெயிலில் கிடந்ததில் உடல் அழுகத் தொடங்கியிருந்தது. தொற்றுக் காய்ச்சலாக இருந்தாலும் இப்படி ரத்தம் கசியும், மருந்தாக இருந்தாலும் கசியும் என்று சொல்லிவிட்டு, தீவில் யாராவது எதையாவது வைத்தார்களா என்று கேட்டார். தீவக்கா நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

"என் கண்ணுல படாம ஒரு ஈகூட அங்க இறங்காது டாக்டரம்மா."

அந்த ஒரு பேச்சில் மருந்து என்கிற யோசனையை டாக்டரம்மா விட்டுவிட்டார். மாதிரியைப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை தீவில் யாரும் கால் வைக்கக்கூடாது, தொற்று வேறு பறவைகளுக்குப் பரவிவிடும் என்று உத்தரவு போட்டு, படகைச் சங்கிலியால் பூட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கை வேலை, மெஷின் சத்தம் இல்லை. தீவக்கா நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அறுத்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது, கட்டியே பிடிக்கவில்லை என்றாள். தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

"கட்டியே பிடிக்கலையா?" என்றார் எலிக்காரர்.

"இல்லைங்க. தொடைக்கத் தொடைக்க வருது."

"அது காய்ச்சல் இல்ல" என்றார். "நான்தான் வச்சேன். நம்ம குடோன் மருந்து. நீ டவுனுக்குப் போன அன்னிக்கு."

அடுத்து ஏதாவது உடையும், அலறல் கேட்கும் என்று ஊசியைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஏன் வைத்தீர்கள் என்று மட்டும் அவள் கேட்டாள். ஊரெல்லாம் எலியைக் கொல்கிறேன், பெண்டாட்டி எலியால் அழுகிறாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்டார் அவர்.

எலிக்காரர் அப்போதே எழுந்து வனத்துறை ஆபீசுக்குப் போகிறேன் என்றார். நாத்தனார்தான் வாசற்படியை மறித்தாள்.

"எங்கடா கிளம்பிட்ட? பறவைக்கு வாய் கிடையாது, வந்து சாட்சி சொல்லாது. உனக்கு வாய் இருக்கு, அதை மூடிக்கிட்டு உட்காரு."

"அக்கா, மருந்து இன்னும் அங்க கிடக்கு."

"கிடந்தா போய் எடுத்துட்டு வா. அதைப் போய் ஏன் போலீஸ்கிட்ட சொல்லணும்?"

தீவக்கா நாத்தனார் பக்கம் நின்றாள். இரண்டு பேருக்கும் ஏழு வருஷமாக ஏழாம் பொருத்தம். உப்பிலிருந்து உலைவரைக்கும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு ஒத்துப்போனார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே புருஷனும் பெண்டாட்டியும் வடகரை வழியாகச் சேற்றில் இறங்கினார்கள். பனி கண்ணை மறைத்தது. தீவின் ஒவ்வொரு குச்சியும் அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு குழாயும் அவருக்குத் தெரியும். அவர் கையுறை போட்டுக்கொண்டு முட்புதருக்குள் தவழ்ந்து குழாய்களை உருவினார். இருபதில் பதினாலு குழாய் காலி. எலி தின்று காலியானது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் குழாய் வாயில் சிவந்த காலின் விரல் தடம் சேற்றில் அழகாகப் பதிந்திருந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"புறா தொட்டதே இல்ல. பதினாறு வருஷத்துல ஒண்ணுகூடத் தொட்டதில்ல" என்றார்.

"அங்க புறாவுக்குத் தரையெல்லாம் நல்ல கோதுமை கொட்டிக் கிடக்குது. அது எதுக்கு நீலத்தைத் தேடிப் போகணும்?" என்றாள் அவள். "இங்க தண்ணி வத்தி, புழு பூச்சிகூட இல்ல. இதுங்க பசிச்சிக் கிடக்குதுங்க."

பதினாறு வருஷம் கண்ணெதிரே இருந்தது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லிக் கொடுத்தவள் குடோன் வாசலைக்கூட மிதித்ததில்லை.

புதருக்குள் இன்னும் ஆறு உடல் கிடந்தது. மொத்தம் பதினொன்று. உயிரோடு இருந்தவையும் அவளைக் கண்டு ஓடவில்லை. ஒன்று நாணல் அடியில் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. எடுத்து மடியில் வைத்தாள். கண்ணோரத்தில் ரத்தம் அரும்பியிருந்தது. அப்போது எலிக்காரர் சொன்னார், இதற்கு மாற்று ஊசி இருக்கிறது என்று. யாராவது தவறி மருந்தைத் தின்றுவிட்டால் ரத்தம் உறைவதற்கு அந்த ஊசி போடவேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. குடோனிலும் வருஷா வருஷம் சொல்லித் தருவார்கள். டாக்டரம்மாவிடம் கட்டாயம் இருக்கும். மருந்து என்று தெரிந்தால்தான் போடுவார்.

"மிச்சத்தை எடுத்துட்டோமே. இனிமே சாகாது" என்றாள் தீவக்கா.

"தின்னது தின்னதுதான். எலி நாலஞ்சு நாள் கழிச்சித்தானே சாகுது? அதே மாதிரிதான் இதுவும்."

"கொஞ்சமா தின்னது பொழைச்சிக்கும்."

"பொழைக்காதும்மா."

"பொழைச்சிக்கும்னு சொல்றேன்" என்று அவள் அதட்டினாள். ஏழு வருஷ வாழ்க்கையில் அவரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. மடியிலிருந்த பறவையை நாணலுக்குள் விட்டுவிட்டு எழுந்தாள். அப்புறம் கரைக்கு வரும்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கடைப் பலகையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவளை நான் கேட்டேன். ஏனக்கா, ஆறு வருஷம் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தாயே, அந்த ஊசியைக் கேட்க ஏன் மனசு வரவில்லை? வேலை நிரந்தரமாகும் என்கிற ஆசையா? அதுவும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன் என்றாள். "ஆனா அது பெரிசில்ல தம்பி. எனக்காகத்தானே அந்த மனுஷன் சேத்துல நடந்தாரு? எனக்காகச் செஞ்சவரை நானே எப்படிக் காட்டிக்குடுக்கிறது? அந்தப் பக்கம் பார்த்தா அதுங்க. இந்தப் பக்கம் பார்த்தா இவரு. நான் இவரைப் பார்த்தேன்."

செவ்வாய் முழுக்கவும் புதன் முழுக்கவும் அந்த வீட்டில் பேச்சே கேட்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று தன் தலையில் அடித்து அவரிடம் அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் குடோனுக்குப் போனார், பெட்டிகளில் கரண்டி கரண்டியாக மருந்து போட்டார், வந்து கை கழுவினார். மூன்று தரம் போய் ஆறு தரமாயிற்று. நாத்தனார் சோப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. தீவக்கா ஆபீசில் போய் உட்கார்ந்து பழைய நோட்டுகளைத் தூசி தட்டினாள். சாயங்காலமானால் ஏரிக்கரையில் செங்காலிகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுக்கும். எங்கள் தெருவரை கேட்கும் சத்தம் அது. கிணற்று ராட்டினம் எண்ணெய் இல்லாமல் சுற்றுவது போல இருக்கும் என்று நானே எரிச்சல்பட்டிருக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதில் குரல் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் எலிக்காரர் சத்தியத்தை மீறினார். குடோனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காலி மருந்துப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே வனத்துறை ஆபீசுக்குப் போய் அதிகாரியின் மேசையில் வைத்தார். ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மா ஊசிப் பெட்டியோடு வந்து இறங்கினார். சங்கிலியை அவிழ்த்துப் படகைத் தள்ளினார்கள். செங்காலியைப் பிடிக்கத் தெரிந்த ஆள் அந்தத் துறையில் ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். நானும் ஓடிப்போய்க் கரையில் நின்றேன்.

தீவிலிருந்து முதலில் செத்தவை வந்தன. புதிதாக ஏழு. பிறகு, நோட்டுக் கணக்குப்படி மிச்சமிருக்க வேண்டிய பதின்மூன்றில் ஒன்பதைத் தீவக்கா உயிரோடு பிடித்துக் கூடையில் கொண்டுவந்தாள். மற்ற நாலும் கண்ணில் படவில்லை. அந்தக் கவிழ்த்த பழைய படகுதான் மறுபடியும் மேசை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா நெஞ்சுச் சதையில் ஊசி போட்டார். ஊசி குத்திய இடத்திலும் ரத்தம் நிற்காமல் கசிந்தது. பஞ்சை வைத்து நூறு எண்ணும்வரை அழுத்த வேண்டியிருந்தது.

பத்தடி தள்ளி அதிகாரி எலிக்காரரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். யார் சொல்லி வைத்தாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் வைத்தேன் என்றார் இவர். உன் சம்சாரத்துக்கு எப்போது தெரியும் என்று அதிகாரி கேட்டபோது கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்.

"தெரியாதுங்க. இன்னிக்குக் காலைல நான் ஆபீசுல வந்து சொன்னப்புறம்தான் அவளுக்கே தெரியும்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷன்தான். தன் ஆபீஸ் ஆள் இதில் இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு நிம்மதி. தீவக்காவுக்கு இது காதில் விழுந்தது. குனிந்து கூடையிலிருந்து நாலாவது பறவையை எடுத்தாள். அவள் அப்படியே இருந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். இருந்திருந்தால் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டேன். ஒருத்தர் உள்ளே போவது போதாதா?

டாக்டரம்மா செத்த ஏழையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இவர் யாரையும் குத்திப் பேசுகிறவர் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத்தான் சொன்னார்.

"இதெல்லாம் நேத்தும் முந்தாநேத்தும் செத்தது. செவ்வாய்க்கிழமை ஊசி போட்டிருந்தா இந்த ஏழும் பொழைச்சிருக்கும். பாவம், உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

தீவக்கா கையில் பறவையோடு நிமிர்ந்தாள். எலிக்காரர் அங்கிருந்தே அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றாள். "திங்கட்கிழமை சாயங்காலமே தெரியும். ஊசி இருக்குன்னும் செவ்வாய்க்கிழமை விடியக்காலைலயே தெரியும். அவரு வரேன்னாரு. நான்தான் விடல."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். நீ குழம்பிப் போயிருக்கிறாய், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடி, அப்புறம் பேசலாம் என்றார். அவள் குரலை உயர்த்தாமல் அதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். முதல் பதினொன்று தெரியாமல் செத்தது, இந்த ஏழும் தெரிந்து செத்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எலிக்காரர் மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றினார். கூடையில் இன்னும் ஐந்து பாக்கி இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"இறக்கையைத் தூக்கிப் பிடிங்க" என்றார்.

தீவக்கா தூக்கிப் பிடித்தாள்.